சித்தியைக் கொன்றது அந்த மஞ்சள் இல்லை

சித்தி! நீ காமாலையில் செத்தாய் என்று நம் ஊர் ஆயர் ஈத்தாம் முழுக்கப் பேசுகிறார்கள். உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து, நம் வீட்டுப் பாயில் உட்கார்ந்துகொண்டே பேசினார்கள். கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். இனிமேல் இருக்க மாட்டேன்.

சித்தியின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. உயிரோடு இருந்தபோது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் ரொம்பக் கொஞ்சம். பாசாரில், எங்கள் ஊர்ச் சந்தையில், அவள் மஞ்சக்கண்ணி. கோயிலில் காமாலைக்காரி. எங்கள் அடுக்குமாடியில் ‘மூணாவது மாடி நோயாளி’. செத்த பிறகு மட்டும் என்ன நல்ல பெயர் வேண்டிக் கிடக்கிறது?

எனக்கு அவள் சித்தி. அம்மாவின் தங்கை. அம்மா, நான், சித்தி மூன்று பேரும் ஒரே வீடு. சித்தி பாசாரில் ஒரு மூலையில் வாழையிலை, கறிவேப்பிலை, முருங்கைக்காய் விற்றாள். பிறந்ததிலிருந்தே அவள் கண்ணில் வெள்ளை இருக்க வேண்டிய இடமெல்லாம் மஞ்சள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றாலும் தெரியும். சில நாள் கூடும், சில நாள் குறையும். அதனால் அவளுக்கு ஒரு வலி கிடையாது. காலையில் நாலு கட்டு இலையைத் தலையில் தூக்கிக்கொண்டு வருவாள். என்னால் ஒரு கட்டைத் தூக்க முடியாது.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. கடைக்குப் புதிதாக ஒருத்தி வருவாள். கறிவேப்பிலையை எடுக்கக் கை நீட்டுவாள். சித்தியின் முகத்தைப் பார்ப்பாள். நீட்டிய கை அப்படியே நின்றுவிடும். அவள் வாயைத் திறக்கும் முன்னால் சித்தி குனிந்து, ஒரு விரலால் கண்ணின் கீழ் இமையை இழுத்து, அவள் மூக்குக்கு நேராகக் கொண்டுபோவாள்.

“நல்லா பாத்துக்குங்க. இன்னும் கிட்ட வாங்க. பாத்தாச்சா? இப்ப கறிவேப்பிலையப் பாருங்க. கண்ணுதான் மஞ்சள், கை இல்ல.”

சிலர் சிரித்து வாங்குவார்கள். சிலர் போய்விடுவார்கள். போகிறவர்களை அவள் சும்மா விடமாட்டாள்.

“அடுத்த கடையிலயும் கண்ணத் தொறந்து பாத்துட்டு வாங்குங்க லா! பல்லையும் பாருங்க!”

பக்கத்துக் கடையில் தௌஹூ என்கிற சோயாக் கட்டி விற்கிற சீன அம்மா ஒருத்தி இருந்தாள். எல்லாரும் அவளை ஆ சோ என்று கூப்பிடுவோம். சித்தி இமையை இழுக்கும்போதெல்லாம் ஆ சோவும் தன் கண்ணை இழுத்துக் காட்டுவாள். அதைப் பார்த்து வாங்க வந்தவள் பயந்து ஓடியதும் உண்டு.

சின்ன வயதில் எனக்கு இதெல்லாம் வெட்கமாக இருந்தது. ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

“ஏன் சித்தி, நீ சும்மா இருந்தா அவங்க கவனிக்காமகூட போயிருப்பாங்கல்ல?”

“கவனிக்காம போற ஆள நீ பாத்திருக்கியா? திருட்டுத்தனமா பாக்கத்தான் போறாங்க. அதுக்கு நானே தொறந்து காட்டிட்டுப் போறேன்.”

தராசுக்குப் பின்னால் முருகன் படம். அதன் கீழே கடை லைசென்ஸ். அதன் கீழே ஒரு கடிதம், தண்ணீர் படாமல் பிளாஸ்டிக் ஒட்டியது. நான் பிறப்பதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில் ஒரு பெரிய டாக்டர் எழுதி, ‘சாப்’ முத்திரை குத்திக் கொடுத்தது. இந்தப் பெண்ணின் கண் மஞ்சள் பிறவியிலேயே வந்தது, கல்லீரல் மஞ்சளை மெதுவாக வெளியே அனுப்புகிறது, யாருக்கும் தொற்றாது, அவருக்கும் கெடுதல் இல்லை, எந்த வேலையும் செய்யலாம். அவ்வளவுதான் அதில் இருப்பது.

கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. அதன் கீழே டவுனில் கடைகளுக்கு முன்னால் ஐந்தடிப் பாதையில் உட்கார்ந்து மனு டைப் அடித்துக் கொடுக்கிற ஒருவரிடம் மலாயில் அடித்து வாங்கினாள். பின்பக்கத்தில் ஆ சோவின் மகள் சீனத்தில் எழுதிக் கொடுத்தாள். தமிழ் மட்டும் இல்லை. ஏன் என்று கேட்டேன்.

“நம்ம ஆளுங்களுக்கா? எழுதிக் காட்டுனா, ‘இந்தக் கடுதாசிக்கு டாக்டருக்கு எவ்ளோ குடுத்த’ன்னு கேப்பாங்கடி. அவங்களுக்கு முருகனே எறங்கி வந்து சொல்லணும். அப்பவும் முருகன் கண்ணு என்ன நெறம்னு பாப்பாங்க.”

அவள் சொன்னது சரிதான். தைப்பூசத்துக்கு எங்கள் ஆட்கள் தண்ணீர்ப்பந்தல் போடுவார்கள். வருஷா வருஷம் சாப்பாட்டுக்கு இலை சித்தியின் கடையிலிருந்துதான் போகும். காசு வாங்கமாட்டாள். ஒரு வருஷம் ஆள் குறைவு என்று மோர் ஊற்றப் போய் நின்றாள். பத்து டம்ளர்கூட ஊற்றியிருக்கமாட்டாள். கமிட்டியில் இருந்த ஓர் அம்மா வந்து காதோரம் சொன்னார்.

“நீங்க அந்தப் பக்கமா போய் இல துடைங்களேன். சனங்க ஒரு மாதிரி பாக்கறாங்க.”

“ஒரு மாதிரின்னா எந்த மாதிரி?”

“ஒங்களுக்கே தெரியும்ல. சின்னப் புள்ளைங்கள்லாம் குடிக்குது.”

சித்தி கையைக் கழுவினாள். கடையிலிருந்து பையில் போட்டுக் கொண்டுவந்திருந்த கடிதத்தை எடுத்து நீட்டினாள். அந்த அம்மா அதைத் தொடவில்லை. கடிதத்திலிருந்தும் ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தாரோ என்னவோ.

சித்தி இலைக் கட்டு இருந்த இடத்துக்குப் போனாள். துடைத்து அடுக்கியது, துடைக்காதது எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டினாள். என்னைக் கூப்பிட்டாள்.

“அந்த முனையப் புடிடி.”

“ஏம்மா, இலைய எங்க கொண்டு போறீங்க?” என்று அந்த அம்மா பதறினார்.

“நான் ஊத்துன மோரு ஆகாது, நான் அறுத்த இலையில சோறு மட்டும் எறங்குமா? தள்ளுங்க. ஒட்டிக்கப் போவுது.”

அன்றைக்கு அத்தனை பேரும் காகிதத்தில் சாப்பிட்டார்கள். ரசம் காகிதத்தை நனைத்து வேட்டி, சேலை எல்லாவற்றிலும் இறங்கியது. நாங்கள் இலையோடு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தோம். வழி முழுக்கச் சித்தி சிரித்தாள். வீட்டுக் கதவைச் சாத்திய பிறகு சிரிக்கவில்லை. அடுத்த வருஷமும் இலை கொடுத்தாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. “சாமிக்குக் குடுக்கறேன், அவளுக்கா குடுக்கறேன்” என்றாள்.

கடிதம் வருவதற்கு முன்னால் இன்னும் மோசம். அதை அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். பன்னிரண்டு வயதிலிருந்து இருபத்து மூன்று வயது வரை அவளுக்குப் பத்தியம். உப்பு இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, மிளகாய் இல்லை. வெறும் வயிற்றில் கீழாநெல்லி அரைத்த உருண்டை. பட்டர்வொர்த்தில் ஒருவர் காமாலை இறக்குவார் என்று ஃபெரி ஏறிக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் மந்திரம் சொல்லி அவள் கையைச் சுண்ணாம்புத் தண்ணீரில் கழுவினார். தண்ணீர் மஞ்சளானது. கண் வெளுக்கவில்லை. மூன்று தடவை கழுவிப் பார்த்துவிட்டு அவர் சொன்னாராம், “இந்தப் பொண்ணு ஒளிச்சு ஒளிச்சு உப்பு திங்குது.”

அதற்குத் தாத்தா பெல்ட்டைக் கழற்றி அடித்தார். ஒன்றும் இல்லாத ஒன்றுக்கு அடி. திங்காத உப்புக்கு அடி.

இருபத்து மூன்று வயதில் பாசாரில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். மாவுக்கட்டுப் போடப் போன இடத்தில் அந்தப் பெரிய டாக்டர் அவள் கண்ணைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரியிலேயே நிறுத்திவைத்து, ரத்தம், மூத்திரம் எல்லாம் சோதித்தார். கடைசியில், போய் நன்றாகச் சாப்பிடு, உனக்கு நோயே இல்லை என்றார். வெளியே வந்ததும் வாசலில் இருந்த மீ கோரெங் நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்துவிட்டாள். வலது கையில் கட்டு. இடது கையால் இரண்டு தட்டு சாப்பிட்டாள். மிளகாய் உறைத்துக் கண்ணும் மூக்கும் ஊற்ற, எதிரே இருந்த அம்மாவைப் பார்த்துக் கேட்டாளாம்:

“அக்கா, இத்தன வருஷமா இத நீங்கள்லாம் மட்டும் தின்னுக்கிட்டு இருந்தீங்களா?”

அம்மா இந்த இடத்தைச் சொல்லும்போதெல்லாம் அழுவார். சித்தி பக்கத்தில் இருந்தால், “ரெண்டு தட்டுக்கும் காசு குடுத்தது நீதான், அதுக்குத்தான அழுவற” என்பாள்.

நான் மூன்றாம் பாரத்தோடு, பதினைந்து வயதில், பள்ளிக்கூடத்தை விட்டவள். பாயான் லெப்பாஸில் ஒரு ஃபேக்டரியில் ஆப்பரேட்டர் வேலை. எனக்கு ஆங்கிலம் சரியாக வராது. ஆனால் அந்தக் கடிதம் முழுக்க மனப்பாடம். சின்ன வயதிலேயே சித்தி என்னைச் சொல்லவைத்து, சொல்லவைத்துக் கேட்பாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. இருந்தும் நான் ஒரு சொல் விட்டால் கண்டுபிடித்துவிடுவாள். “நடுவுல ஒண்ணக் காணோமே” என்பாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஃபேக்டரி பஸ்ஸில் ஒருத்தி என் பக்கத்தில் உட்கார மறுத்தாள். “அவங்க வீட்டுல காமாலை இருக்கு” என்று மற்றவளிடம் சொன்னாள். ஓடுகிற பஸ்ஸில் எழுந்து நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, முழுக் கடிதத்தையும் ஆங்கிலத்தில் கத்திச் சொன்னேன். டாக்டரின் கையெழுத்துக்குக் கீழே இருந்த படிப்புப் பட்டங்களைக்கூட விடவில்லை. சிக்னலில் நிறுத்தியதும் மலாய் டிரைவர் கை தட்டினார். சாயங்காலம் சித்தியிடம் சொன்னேன். அவள் என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள். வலித்தது.

“இதான்டி. நீ என் வயித்துல பொறக்க வேண்டியவ.”

எனக்கு அதைவிடப் பெரிய பரிசு யாரும் கொடுத்ததில்லை. அதனால்தான் நடந்தது எல்லாம்.

போன வருஷம் மழை விடாமல் பெய்தது. பாசாரில் லோங்காங் கால்வாய் நிரம்பி, சாக்கடைத் தண்ணீர் கடைக்குள் கணுக்கால் வரை வந்தது. எலிகள் பலகை மேல் ஏறி உட்கார்ந்திருந்தன. சித்திக்குக் குதிகாலில் எப்போதும் பாளம் பாளமாக வெடிப்பு. அந்தக் காலோடு இரண்டு நாள் தண்ணீரில் நின்று இலைக் கட்டுகளைத் தூக்கி மேலே வைத்தாள். ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல். கெண்டைக்கால் தொட்டால் கத்துகிற வலி. நான் அரை நாள் லீவு போட்டுவிட்டு அவளைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கே டாக்டர் எல்லா நாளும் வரமாட்டார். அன்றைக்கு டிரெசர்தான் இருந்தார். மருந்து கொடுப்பது, ஊசி போடுவது எல்லாம் அவர்தான். யாழ்ப்பாணத்து ஆள், வயதானவர், பொறுமையாகப் பேசுவார். சித்தியை அவர் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

“எத்தினை நாளாக் காய்ச்சல், பிள்ளை?”

“நாலு நாளா, ஐயா.”

டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். காலை அமுக்கினார். சித்தி கத்தினாள். திரும்பவும் கண்ணைப் பார்த்தார்.

“கண் நல்லா மஞ்சளாக் கிடக்கு. சிவப்பும் கிடக்கு. இது எனக்குப் பிடிக்கேல்லை. உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ. நான் துண்டு எழுதித் தாறன்.”

எழுத ஆரம்பித்தார். பேனா ஓடியதை நான் பார்த்தேன். எனக்குள் பஸ், பந்தல், பட்டர்வொர்த், எல்லாம் ஒரேயடியாக மேலே வந்தது.

“ஐயா, மொதல்ல இதப் படிங்க. அப்பறம் எழுதுங்க. எல்லாரும் இப்படித்தான், கண்ணப் பாத்த ஒடனே நோய், நோய்!”

பையிலிருந்து கடிதத்தை எடுத்து அவர் எழுதிக்கொண்டிருந்த துண்டுச்சீட்டின் மேலேயே வைத்தேன். அவர் படிக்கும்போது நான் வாயால் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒரு சொல் தப்பவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பிறவியிலேயே இப்பிடியோ?”

“பொறந்ததுலேர்ந்து, ஐயா. டாக்டரு சாப் குத்தியிருக்காரு, பாருங்க.”

“அப்ப சரி. குறை நினையாதேங்கோ, அம்மா. எனக்குத் தெரியேல்லை.”

துண்டை இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டார். காய்ச்சலுக்கு மாத்திரை, காலுக்குத் தைலம் கொடுத்தார். குறையாவிட்டால் மூன்று நாளில் டாக்டர் வருகிற அன்றைக்கு வரச் சொன்னார்.

வெளியே பஸ்ஸுக்காக நின்றபோது சித்தி என் தோளில் சாய்ந்துகொண்டாள். உடம்பு கொதித்தது. அப்படியும் சிரித்தாள்.

“ஒரு வார்த்த தப்பலடி. மனுசன் மூஞ்சியப் பாத்தியா?”

அவள் என்னிடம் முழுசாகப் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். மூன்றாம் நாள் காலையில் எழுப்பினால் எழவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது சிறுநீரகம் நின்றுவிட்டது என்றார்கள். அடுத்த நாள் போய்விட்டாள்.

அங்கே ஒரு சின்ன வயது டாக்டர், தமிழ்ப் பெண். எங்களை உட்காரவைத்துப் பேசியது அவர் ஒருவர்தான். எலி மூத்திரம் கலந்த தண்ணீரிலிருந்து, காலில் இருந்த வெடிப்பு வழியாக ஏறின காய்ச்சல் என்றார். நான் கடிதத்தைக் காட்டி, இது பொய்யா என்று கேட்டேன்.

“பொய் இல்லம்மா. உண்மதான். கல்லீரல்ல மஞ்சள வெளிய தள்றதுக்கு ஒரு புரதம் இருக்கு. அமினோ அமிலம்னு சொல்வாங்க, அத மணி கோக்கற மாதிரி வரிசையா கோத்துச் செஞ்சது அது. ஒங்க சித்திக்கு அதுல ஏதோ ஒரு மணி மத்தவங்கள மாதிரி இல்ல. அதனால மெதுவா தள்ளும். அவ்ளோதான். அத வச்சிக்கிட்டு நூறு வயசு வரைக்கும் இருந்திருக்கலாம்.”

“அப்ப இந்தக் காய்ச்சல் ஏன் யாருக்கும் தெரியல?”

“இந்தக் காய்ச்சல்லயும் கண்ணு மஞ்சளாகும். மத்தவங்களுக்குத் திடீர்னு அப்படி மாறுனா ஒடனே தெரியும். இவங்களுக்குப் பழைய மஞ்சள் மேல புது மஞ்சள் ஏறிடுச்சு. மூணு நாள் முன்னாடியே ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தா மருந்து இருக்கும்மா.”

அவருக்குக் கிளினிக் கதை தெரியாது. எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியும். அம்மா இன்று வரைக்கும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடித்தாலாவது தேவலை.

பதினாறாம் நாள் பந்தல் கமிட்டி அம்மாவும் வந்தார். நல்ல சேலை. கொடுத்த காப்பியைப் பக்கத்தில் தள்ளி வைத்துவிட்டு, “அப்பவே சொன்னோம். காமாலைய அலட்சியமா விட்டா இப்படித்தான். பத்தியம் இருந்திருந்தா பொழச்சிருக்கும்” என்றார். நாலு தலை ஆடியது. எத்தனையோ வருஷம் இமையை இழுத்துக் காட்டி அவள் சண்டை போட்டது எல்லாம், அந்த நாலு தலை ஆட்டத்தில் போய்விட்டது. அவர்கள் சொன்னதுதான் சரி என்று ஆகிவிட்டது. அன்று நான் திரும்ப எடுத்த காப்பி டம்ளர்களில் பெரும்பாலானவை நிறைந்தபடியே இருந்தன. ஆ சோ மட்டும் இரண்டு டம்ளர் குடித்தாள். மற்றவர்களைப் பார்த்துக்கொண்டே குடித்தாள்.

கடைசியாக டிரெசர் ஐயா வந்தார். உள்ளே வராமல் வாசலில் நின்றார். காப்பி கொடுத்தேன். நின்றபடியே முழுக்கக் குடித்துவிட்டு டம்ளரை என் கையில் கொடுத்தார்.

“அந்தத் துண்டை நான் கிழிச்சிருக்கப்படாது. என்ட பிழை, பிள்ளை.”

அவர் முதுகு வளைந்து படி இறங்கிப் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே போய், “காமாலை இல்லை, எலிக்காய்ச்சல்” என்று கத்தியிருக்கலாம். கத்தினால் அடுத்த கேள்வி வரும்: அப்ப ஏன் மொதல்லயே ஆஸ்பத்திரிக்குப் போகல? அதற்கு நான் பதில் சொல்ல வேண்டும். அதற்குப் பயந்து, அவள் கண் மேல் பழி விழும்படி விட்டேன்.

இப்போது சொல்கிறேன். ஐயா, பிழை உங்களுடையது மட்டும் இல்லை. உங்கள் கண்தான் அன்றைக்குச் சரியாகப் பார்த்தது. உங்கள் துண்டின் மேல் கடிதத்தை வைத்தது நான். அந்தக் கடிதத்தை அவள் ஆயுசுக்கும் சுமக்கும்படி வைத்தது, ஊர்க்காரர்களே, நீங்கள் எல்லாரும். மோரைக் குடிக்காதவர்கள், பஸ்ஸில் உட்காராதவர்கள், காப்பியைத் தொடாதவர்கள். உங்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி எங்களுக்கு வேறு ஒன்றும் தெரியாமல் போய்விட்டது. என்னை ஏசுங்கள். நான் வாங்கிக்கொள்கிறேன். அவள் கண்ணை இனி யாரும் ஒரு சொல் சொல்லாதீர்கள். அந்தக் கடிதத்தில் தமிழ் இல்லாமல் இருந்தது. அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

இதைப் படிக்கிற எல்லாரும் அவளுக்காக ஒரு தடவை கும்பிடுங்கள். கோயிலோ, சர்ச்சோ, பள்ளிவாசலோ, எங்கேயாவது. பெயர் வேண்டியதில்லை. பாசாரில் இலை விற்றவள் என்றால் போதும். வாழ்நாள் முழுக்க அவளைப் பார்த்தவர்கள் கண்ணைப் பார்த்தார்கள். கடைசியில் நான் கடிதத்தைப் பார்த்தேன். சாமியாவது அவளைப் பார்க்கட்டும் என்று கேளுங்கள்.